ஓரெழுத்து வேறுபாடும் மூளையின் நெகிழ்மையும்

ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே அளவு பயிற்சி. ஆயினும் மாணாக்கர் அனைவரும் ஒரே விரைவில் கற்பதில்லை. இதற்குரிய காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றாகிய மரபணு வேறுபாட்டை இங்கு நோக்குவோம்.

பயிலுந்தோறும் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பெறுகின்றன, அல்லது தளர்கின்றன. இவ்வியல்பே மூளையின் நெகிழ்மை. அதற்குத் துணைபுரியும் புரதங்களுள் ஒன்று பிடிஎன்எஃப். அதனை ஆக்கும் மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளது.

'பலம்', 'பழம்' என ஓரெழுத்து மாறப் பொருள் மாறுவதை நாம் அறிவோம். இம்மரபணுவிலும் சிலரிடம் ஓரெழுத்து மாறியுள்ளது. அதனால் புரதச் சங்கிலியின் 66ஆம் இடத்தில் வேலினுக்குப் பதிலாக மெத்தியோனின் அமைகிறது. அவ்விடம் அடங்கிய பகுதி பின்னர் வெட்டி நீக்கப்படுவதால் முதிர்ந்த புரதம் மாறுவதில்லை. நரம்பணு செயற்படும்போது அப்புரதம் சுரக்கும் அளவே குறைகிறது.

தலையருகே கம்பிச்சுருளை வைத்து, மாறும் காந்தப்புலத்தால் மூளையில் மின்னோட்டம் எழச் செய்வது காந்தத் தூண்டல். 2006ஆம் ஆண்டு கிளைமும் குழுவினரும் விரற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் இம்முறையால் மூளையின் இயக்கப் பகுதியை அளந்தனர். மெத்தியோனின் வடிவம் உடையோரிடம் பயிற்சியால் விளைந்த மாற்றம் குறைந்திருந்தது. 2008ஆம் ஆண்டு இலண்டன் ஆய்வொன்றில், மூளையின் தூண்டுதிறனை மாற்றவல்ல தொடர் காந்தத் துடிப்புகளுக்கும் அவர்கள் குறைவாகவே இணங்கினர். எனினும், பின்வந்த ஆய்வுகள் சில இதனை உறுதிப்படுத்தவில்லை. வயது, கவனம், நாளின் பொழுது, தூண்டலுக்கு முன் செய்த அசைவு ஆகியனவும் விளைவை மாற்றுகின்றன. ஆதலின், ஒரு மரபணுவைக் கொண்டு ஒருவருக்குத் தூண்டல் பயன்தருமா என முன்னுரைத்தல் இயலாது.

ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ மூவரில் ஒருவரும், கிழக்காசிய வழியினரில் பாதிக்கு மேற்பட்டோரும் இவ்வடிவம் உடையோர். இத்துணைப் பரவலான ஒன்றைக் குறையெனக் கொள்வது பொருந்தாது.

ஆசிரியர்க்கு மிகவும் பயன்படுவது 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு. தொடக்கத்தில் காணப்பட்ட இவ்வேறுபாட்டை 12 நாள் தீவிரப் பயிற்சி கடக்க உதவியது என்பது அதன் முடிவு. இவை கையியக்கம் பற்றிய ஆய்வுகள். மொழி கற்றலுக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. ஆயினும், ஓர் எச்சரிக்கையை இவற்றிலிருந்து நாம் பெறலாம். முதல் நாளில் மெல்லக் கற்பவர் பின்னரும் மெல்லவே கற்பார் என்பதற்கு மரபணு சான்றாகாது. 'இவனுக்கு வராது' என்று முடிவு கட்டுமுன், அம்மாணவனுக்குப் போதிய நாள் பயிற்சி அளித்தோமா என நாம் கேட்டறிதல் வேண்டும்.