வறட்சியை மழையளவு மட்டும் சொல்லாது

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் வானம் பொய்ப்பதால்தான் வறட்சி என்பது பொதுவான எண்ணம். ஆனால் இவ்வூர்கள் அமைந்த விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் பெய்வதோ ஏறத்தாழ 600தான். அங்கே புல் பசுமையாக நிற்க, இங்கே கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கிறது. காரணம் வெயில். பெய்கிற நீரைவிட அதிகமான நீரை ஆவியாக்கும் வெப்பம் இங்கே உண்டு. இதை உணர்ந்துதான் காலநிலைகளை வகைப்படுத்திய விளாதிமிர் கோப்பென், வறண்ட நிலத்துக்கு எங்கும் ஒரே மழையளவை எல்லையாக வைக்கவில்லை. வெப்பம் கூடக்கூட எல்லையும் உயரும்படி கணக்கிட்டார். 1948-இல் அமெரிக்கரான தார்ன்த்வைட், வரும் மழையையும் ஆவியாகக்கூடிய நீரையும் நேரடியாகவே ஒப்பிட்டார்.

மழை பெய்யும் காலம்தானே முக்கியம் என்று கேட்கலாம். அதுவும் உண்மையே. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், இப்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஆனால் அந்த நீரைக் கண்மாயில் தேக்கினாலும், அடுத்த கோடை வரை வெயில் அதில் பங்கு கேட்கும். ஆகவே ஓர் ஊரின் காலநிலையை அறிய மழைமானி மட்டும் போதாது. ஆவியாதலையும் சேர்த்தே அளக்க வேண்டும்.