பழையன பேணுவோர் – 17: அரம் எடுக்கும் முன்

இரண்டாம் உலகப் போர் முடிந்த அடுத்த பதினைந்து ஆண்டுகளில், ஐரோப்பிய ராணுவங்கள் கழித்துவிட்ட ரைஃபிள்கள் கப்பல் கப்பலாக அமெரிக்காவில் வந்து இறங்கின. பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு, ஜெர்மனியின் மவுசர், இத்தாலியின் கார்கானோ. தபாலில் பணம் அனுப்பினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். மான் வேட்டைக்குப் புதிய துப்பாக்கி வாங்க வசதியில்லாதவர்கள் இவற்றை வாங்கினார்கள். குழலை மூடியிருந்த முன்கட்டையை ரம்பத்தால் அறுத்து எறிந்தார்கள், குழலைக் குட்டையாக்கினார்கள், தொலைநோக்கி பொருத்த ரிசீவரில் துளை போட்டார்கள். எடை குறைந்தது, காட்டில் தூக்கி நடக்கத் தோதாக இருந்தது. லட்சக்கணக்கில் மலிந்து கிடந்த பொருளுக்கு வரலாற்று மதிப்பு இருக்கும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்த அறுபட்ட கட்டைகளுக்கு ஈடு தேடி அலைகிறார்கள். அதே தொழிற்சாலை முத்திரையுள்ள முன்கட்டை, அதே ஆண்டில் வார்த்த இரும்பு வளையம், சரியான திருகு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, தாத்தா குலைத்ததைத் திரும்பப் பழைய கோலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றி.

சென்ற வாரம் தட்டச்சுப்பொறிகளைப் பழுதுபார்ப்பவர்களைப் பார்த்தோம். அண்டர்வுட் எந்திரத்தை யாரும் மேசைமேல் பிரித்துப் போடலாம், கேட்பாரில்லை. அதே அண்டர்வுட் நிறுவனம் போர்க்காலத்தில் எம்1 கார்பைன் என்ற சிறு ரைஃபிளையும் செய்தது. ஐபிஎம் செய்தது, இசைப்பெட்டி செய்துவந்த ராக்-ஓலாவும் செய்தது. அறுபது லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான அந்தத் துப்பாக்கியைப் பிரிக்கும்போது மட்டும், ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சட்டப்பிரிவு உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சட்டங்களில் பெரும்பகுதி ஒரு கொலைக்குப் பிறகு வந்தது. 1963-ல் ஜான் கென்னடியைச் சுட்ட கார்கானோ ரைஃபிள், சிகாகோ கடை ஒன்றிலிருந்து பொய்ப் பெயரில் தபால் மூலம் வாங்கியது. தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட். 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் தனிநபர்கள் தபாலில் துப்பாக்கி வாங்குவதை நிறுத்தியது. ராணுவ உபரி ஆயுத இறக்குமதியையும் அடைத்தது. 1980களின் நடுவில்தான் பழம்பொருள் தகுதி பெற்றவற்றுக்கு மட்டும் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் வயதை இரண்டு படிகளாகப் பார்க்கிறது. 1898-ம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்ட ரைஃபிள் தொல்பொருள். துப்பாக்கி என்ற கணக்கிலேயே வராது. ஐம்பது ஆண்டு கடந்தது அரும்பொருள் என்ற வகை. இதைச் சேகரிப்பவருக்குத் தனி உரிமம் உண்டு. மூன்று ஆண்டுக்கு 30 டாலர் கட்டணம். வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஒவ்வொரு வரவையும் செலவையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். ஆனால் ஐம்பது வயது ஆனால் மட்டும் போதாது, மூல வடிவமும் குலையாமல் இருக்க வேண்டும் என்கிறது இந்தச் சட்டத்தை நடத்தும் கூட்டாட்சித் துறை. ஆகவே தாத்தா அறுத்துவைத்த ரைஃபிளை அரும்பொருள் என்று எண்ணி வாங்குகிறவர், அந்தத் தகுதி அதற்கு இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட அடிப்படையானது, எது துப்பாக்கி என்ற கேள்வி. கட்டை, குழல், போல்ட் எல்லாமே உதிரிப் பாகங்கள்தான். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் ரிசீவர் என்ற அந்த எஃகுக் கூடுதான் துப்பாக்கி. வரிசை எண் அதில்தான் இருக்கும். பிரிட்டனில் அப்படியில்லை, அங்கே குழலுக்கும் போல்ட்டுக்குமே தனியாகச் சான்றிதழ் தேவைப்படும்.

துருவேறிய ரிசீவரைப் பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசை, புதிதாக இந்தக் கலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் உண்டு. மெருகேற்றும் சக்கரத்தில் பிடித்தால் துரு போகும். லேசாக அடித்திருக்கும் எண்ணும் கூடவே போகும். வரிசை எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி என்று தெரிந்தே வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். எண்ணுள்ள இடத்தில் எண்ணெயும் மென்மையான வெண்கலக் கம்பிப் பஞ்சும் தவிர வேறெதுவும் படக்கூடாது என்பது தேர்ந்த கைகாரர்களின் வழக்கம்.

குட்டையாக்கிய குழலையும் அளந்து பார்க்க வேண்டும். ரைஃபிளில் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அது 1934-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டிய தனி வகை. போல்ட்டை மூடி, குழல் வாய் வழியாகக் குச்சியை விட்டு, போல்ட்டின் முகம் வரை அளப்பதே சரியான அளவு. இதை வாங்கிய பிறகு செய்யக்கூடாது, வாங்குவதற்கு முன் செய்ய வேண்டும்.

கார்பைனில் வேறொரு வம்பு. எம்1 ஒரு முறை விசையிழுத்தால் ஒரு குண்டுதான் சுடும். அதன் தம்பியான எம்2 தொடர்ந்து சுடும். எம்2-வின் மாற்றுப் பாகங்களின் தொகுப்பு, துப்பாக்கியில் பொருத்தாமல் டப்பாவில் கிடந்தாலும், சட்டப்படி அதுவே எந்திரத் துப்பாக்கி. பழைய பாகங்களை மொத்தமாக விலைக்கு எடுக்கிறவர் தம் டப்பாக்களில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சட்டம் இத்தனையும் சொல்லியும் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு: அந்த எஃகு இன்னும் சுடத் தாங்குமா என்பது. இதற்கு ஸ்ப்ரிங்ஃபீல்டு 1903 ரைஃபிளின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்க ராணுவத்தின் அந்த ரைஃபிள் மாசசூசெட்ஸின் ஸ்ப்ரிங்ஃபீல்டிலும் இலினாயின் ராக் ஐலண்டிலும் தயாரானது. ரிசீவருக்கான எஃகைக் காய்ச்சும் கொல்லர்கள் வெப்பத்தைக் கருவியால் அளக்கவில்லை. காய்ந்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். அனுபவசாலிகள்தான். ஆனால் வெயில் அடிக்கும் நாளில் காய்ந்த இரும்பு மங்கலாகத் தெரியும். இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்து அளவுக்கு மேல் காய்ச்சிவிடுவார்கள். மேகமூட்டமான நாளில் இந்தத் தவறு நடக்காது. இப்படிக் கருகிய எஃகு கண்ணாடி போல நொறுங்கும். 1917-ல், முதல் உலகப் போருக்கு உற்பத்தி முடுக்கிவிடப்பட்டிருந்த வேளையில், சில ரிசீவர்கள் சுடுகிறவர் முகத்தருகே சிதறின. விசாரணை நடந்தது, காரணம் தெரிந்தது. 1918-ல் வெப்பமானிகள் வந்தன, இரட்டைப் பதப்படுத்தல் முறையும் வந்தது.

ஆனால் அதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரிசீவர்கள் வெளியே போயிருந்தன. அவற்றில் எது நல்லது, எது கருகியது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. ஸ்ப்ரிங்ஃபீல்டில் 8,00,000-க்குக் கீழான எண், ராக் ஐலண்டில் 2,85,507-க்குக் கீழான எண் என்று ஒரு கோடு கிழித்தார்கள். ராணுவம் எல்லாவற்றையும் உடனே திரும்பப் பெறவில்லை. பழுதுக்கு வரும்போது ரிசீவரை மாற்றிக்கொண்டது. ஜூலியன் ஹேச்சர் என்ற ராணுவத் தளவாட அதிகாரி 1947-ல் வெளியிட்ட குறிப்பு நூலில் இவ்வாறு சிதறியவற்றின் பட்டியலைத் தந்திருக்கிறார். பழைய ராணுவ ரைஃபிள்களைக் குடிமக்களுக்கு விற்கும் அலபாமாவின் குடிமக்கள் குறிபயிற்சித் திட்டம், கோட்டுக்குக் கீழான எண்ணுள்ள ரைஃபிள்களைச் சுட வேண்டாம் என்றே இன்றும் எச்சரிக்கிறது.

இப்படிப்பட்ட ஒரு ரைஃபிள் கைக்கு வந்தால், அதை அழகாகச் சீர்செய்யலாம், சுவரில் மாட்டலாம், பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லலாம். சுடக்கூடாது. நூறு முறை ஒன்றும் ஆகாமல் சுட்டது என்ற சமாதானம் நூற்றோராவது முறைக்குச் செல்லாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

பிரிட்டனில் இந்தக் கவலைக்குச் சட்டமே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. லண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ள சோதனைச் சாலைகள், வழக்கத்தைவிட வீரியமான தோட்டாவைச் சுட்டுப் பார்த்துக் குழலில் முத்திரை குத்துகின்றன. அந்த முத்திரை இல்லாமல் விற்பது 1868-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சோதனை கிடையாது. பொறுப்பு முழுவதும் வைத்திருப்பவர் தலையில். அதனால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் கொடுத்து, தோட்டாவின் அடிக்கும் போல்ட்டுக்கும் இடையிலுள்ள வெளியை அளவுகோல் கொண்டு பார்க்கச் சொல்வது முதல் செலவாக இருக்க வேண்டும். பல ரைஃபிள்களின் உதிரிகளைச் சேர்த்துக் கட்டியதில் இந்த இடைவெளி தவறிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. லீ-என்ஃபீல்டு நான்காம் வகையில் இதைச் சரிசெய்வதற்காகவே போல்ட்டின் தலையை 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் செய்துவைத்தார்கள்.

தோட்டாவிலும் ஏமாறலாம். ஜெர்மனியின் 1888 ரைஃபிளின் குழல் சற்றுக் குறுகல். பின்னால் வந்த தடித்த குண்டுள்ள தோட்டாவும் அதில் பொருந்தி உட்காரும், ஆனால் அழுத்தம் எகிறும். ஜப்பானியர் பள்ளிப் பயிற்சிக்காகச் செய்த ரைஃபிள்கள் பார்வைக்கு அசல் அரிசாகா போலவே இருக்கும். அவற்றின் ரிசீவர் வார்ப்பிரும்பு, வெற்றுத் தோட்டாவுக்கு மட்டுமே ஆனது.

மேசை வேலையில் பொறுமை ஒன்றே பெரிய கருவி. கிடங்கில் பூசிய கெட்டியான பாதுகாப்புக் கிரீஸைக் கரைப்பானில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய்தான் பிரிட்டிஷ் ராணுவத்தின் வழக்கம். அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் நிறைந்த தகரத்தில் போட்டு மூட வேண்டும். பழைய ராணுவத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்து சுட்டபின் ஒருவகை உப்பை விட்டுச்செல்லும். அது ஈரத்தை இழுத்து ஒரே இரவில் குழலை அரித்துவிடும். எண்ணெயில் அது கரையாது. தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய்.

எதை நீக்கக்கூடாது என்று தெரிவதில்தான் இந்தக் கலையின் மேன்மை இருக்கிறது. ஜப்பான் சரணடைந்தபின் ஒப்படைத்த அரிசாகா ரைஃபிள்களில் பேரரசரின் செவ்வந்திப்பூ முத்திரையை அராவி எடுத்தார்கள். பூ அழியாமல் இருப்பவை பெரும்பாலும் போர்க்களத்தில் கைப்பற்றியவை. அழிந்த பூவை மறுபடி செதுக்குகிறவர், அந்தத் துப்பாக்கி வாழாத ஒரு வாழ்க்கையை அதன்மேல் எழுதுகிறார்; அசல் என்று சொல்லி விற்றால் அது மோசடி. இந்தியாவின் இஷாபூர் தொழிற்சாலை முத்திரையுள்ள சில லீ-என்ஃபீல்டுகளில் முன்கட்டையைச் சுற்றிக் கம்பி வரிந்திருக்கும். கையெறி குண்டை ஏவும்போது கட்டை பிளந்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அசிங்கமாக இருக்கிறது என்று அதை அவிழ்ப்பவர்கள் உண்டு. ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் கைப்பற்றிய ரைஃபிளைத் துணிமூட்டையில் அடக்குவதற்காக, இரும்பு வளையத்தின் அடியில் கட்டையை மட்டும் இரண்டாக அறுத்தார்கள். அந்த அறுப்பு ஒரு மனிதன் வீடு திரும்பியதன் சாட்சி. அதைப் பசையிட்டு மறைக்க எனக்கு மனம் வராது.

வேட்டைக்காக அறுத்ததைச் சரிசெய்யலாம் என்று சொல்லிவிட்டு இதை விடச் சொல்வது ஏன் என்று கேட்கலாம். முன்னது ராணுவச் சேவை முடிந்தபின் கடையில் வாங்கியவர் செய்தது. பின்னது அந்தப் போரின் பகுதி. சிலர் வேட்டைக்கோலமும் வரலாறுதான் என்பார்கள். அந்த வாதத்தையும் மதிக்கிறேன்.

கை தேர்ந்ததும் அக்கம்பக்கத்தார் தங்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவருவார்கள். தொழிலாகக் காசு வாங்கிப் பழுது பார்க்கத் துப்பாக்கிக் கம்மியர் உரிமம் வேண்டும். சேகரிப்பாளர் உரிமம் அதற்குச் செல்லாது. வாங்கிச் சீர்செய்து லாபத்துக்கு விற்பதே வழக்கமானால் அது வியாபாரம். 2022-ல் நிறைவேறிய சட்டத்துக்குப் பிறகு அந்த வரையறை முன்பைவிட விரிந்திருக்கிறது. மாநிலச் சட்டங்கள் இன்னும் வேறு. நியூயார்க் நகரத்தில் சாதாரண ரைஃபிளுக்கே அனுமதிச் சீட்டு தேவை.

நம் ஊரில் பரணில் பழைய துப்பாக்கி உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ம் பிரிவு தொன்மையான ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருந்தால்தான் அந்த விலக்கு. பழுது பார்த்தால் சுடும் என்ற நிலையில் இருந்தாலே அதற்கு உரிமம் தேவை. பழுதுபார்ப்பைத் தொழிலாகச் செய்யவும் உரிமம் வேண்டும். எனவே இங்கே திருப்புளியை எடுக்கும் முன் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். உரிமம் இல்லாமல் கையில் வந்துசேர்ந்ததைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க 21-ம் பிரிவு வழி சொல்கிறது.

அமெரிக்காவில் மிகக் கடினமான நிலை, போருக்குப் போன தாத்தா கொண்டுவந்த எந்திரத் துப்பாக்கி அவர் மறைவுக்குப் பிறகு பெட்டியில் கிடைக்கும்போது வருகிறது. பதிவாகாதவற்றைத் தண்டனையின்றிப் பதிவுசெய்ய 1968 நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை முப்பது நாள் அவகாசம் தந்தார்கள். அதற்குப் பிறகு அப்படியொரு வாய்ப்பு வரவில்லை. பதிவில்லாததை வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை; பேரன் இன்று போய்ப் பதிவு செய்யவும் முடியாது. ஆனால் தாத்தா அன்று பதிவு செய்திருந்தால், சட்டபூர்வ வாரிசு அதை வரியில்லாமலே தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதனால் துப்பாக்கியைத் தொடாமல் முதலில் அவருடைய பழைய காகிதங்களைப் புரட்ட வேண்டும். பதிவுப் படிவம் கிடைக்காவிட்டால், சொத்தை நிர்வகிப்பவர் வழக்கறிஞர் மூலம் கூட்டாட்சித் துறைக்கு எழுதி, அந்த எண் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேட்கலாம்.

(தொடரும்)