டில்லிப் பேருந்துகளும் இயற்கை வாயுவும்

பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறோம். முன்னால் நின்ற டீசல் வண்டி ஓர் உறுமலோடு புறப்படுகிறது. உடனே நம் கை எங்கே போகும்? கைக்குட்டையைத் தேடி மூக்குக்குத்தான் போகும். காலையில் வெள்ளையாயிருந்த சட்டைக் கழுத்து மாலையில் என்ன நிறம் என்பதை அதைத் துவைக்கும் அன்னையரைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களால் துவைக்க முடியாத இடத்திலும், அதாவது நம் நுரையீரலிலும், அந்தக் கரி படிகிறது. நம் தலைநகரான டில்லி, தன் பேருந்துகள் அனைத்தையும் டீசலிலிருந்து இயற்கை வாயுவுக்கு மாற்றிய வரலாற்றைக் காண்போம்.

டீசல் ஏன் புகைகிறது? டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை மட்டும் உள்ளே இழுத்து நெருக்கி அழுத்தும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? அதே காரணத்தால் அந்தக் காற்றும் கடுமையாகச் சூடேறும். அதில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் தூவிய டீசல் நுண்துளிகளாக இருப்பதால், எல்லா இடத்திலும் போதிய காற்று அதனோடு கலப்பதில்லை. அரைகுறையாக எரிந்து மிஞ்சும் கரியே அந்தக் கறுப்புப் புகை.

இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். ஒரே ஒரு கார்பன் அணு, அதைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். வாயுவாக இருப்பதால் காற்றோடு முன்பே நன்கு கலந்துவிடுகிறது. கரி மிக அரிது. ஆனால் அது எளிதில் தானாகப் பற்றாது. ஏறத்தாழ 540 பாகை வெப்பம் வேண்டும். ஆகவே டீசல் எஞ்சினில் இதை அப்படியே ஊற்றி ஓட்ட இயலாது. எஞ்சினின் அமைப்பையே மாற்றி, தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் வைக்க வேண்டும். இடத்தை அடைக்கும் பொருளாதலால், காற்றழுத்தத்தைப் போல் சுமார் இருநூறு மடங்கு அழுத்தி உருளைகளில் அடைக்கிறார்கள். இதுவே சி.என்.ஜி. நம் வீட்டுச் சமையல் வாயு வேறு. அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். மீத்தேன் இலேசானது, மேலே போய்விடும்.

டில்லியின் வழக்கு நீண்டது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985-ஆம் ஆண்டிலேயே வண்டிப் புகையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடினார். அனில் அகர்வாலின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 1996-இல் 'மெதுவான கொலை' என்று தலைப்பிட்டே ஓர் அறிக்கை வெளியிட்டது. 1998 ஜூலை 28 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது: 2001 மார்ச் 31-க்குள் டில்லியின் பேருந்துகள் யாவும் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும்; ஒன்பதாக இருந்த வாயு நிரப்பும் நிலையங்கள் எண்பதாக வேண்டும்.

ஆணை எழுதுவது ஒரு நாள் வேலை. வாயு கொண்டுவருவது அப்படியா? மேற்குக் கடலடியில் எடுத்த வாயு, குஜராத்தின் ஹசீராவிலிருந்து வடக்கே செல்லும் நெடுங்குழாய் வழியாக வந்தது. குழாய்க்குப் பக்கத்தில் இருந்து, தானே வாயுவை அழுத்தும் பெரிய நிலையத்துக்குத் 'தாய் நிலையம்' என்று பெயர். குழாய் எட்டாத இடத்தில் இருப்பது 'மகள் நிலையம்'. (பொறியாளர்களுக்கும் குடும்பப் பாசம் உண்டு போலும்!) தாயிடம் நிரப்பிய உருளைகளை லாரியில் ஏற்றி மகளிடம் கொண்டுபோவார்கள்.

சிக்கல் இங்கேதான். மேல்தொட்டியில் தண்ணீர் குறையக் குறையக் குழாயில் நீர் மெலிவது போல, மகள் நிலையத்தில் முதல் சில வண்டிகளுக்கு வாயு வேகமாக ஏறும். பிறகு அழுத்தம் குறைந்து மெல்ல மெல்லத்தான் ஏறும். பல வண்டிகள் பாதி உருளையோடு திரும்பும். பாதி நிரம்பிய வண்டி பாதித் தூரம்தான் ஓடும். ஆகவே சீக்கிரமே மறுபடி வரிசைக்கு வந்து நிற்கும். இப்படியே வரிசை தன்னைத் தானே நீட்டிக்கொண்டது. ஆட்டோ ஓட்டிகள் மணிக்கணக்கில் நின்றார்கள்; இரவில் வண்டியிலேயே உறங்கினார்கள். அன்றாடக் கூலியை வரிசையில் இழந்த அவர்களைப் பற்றி எவரும் அதிகம் எழுதவில்லை என்பது என் மனக்குறை.

2001 ஏப்ரல் வந்தது. அரசும் பேருந்து உரிமையாளர்களும் கடைசி நேரம் வரை 'பார்த்துக்கொள்ளலாம்' என்றிருந்ததால் போதிய வாயுப் பேருந்துகள் இல்லை. ஆயிரக்கணக்கான டீசல் வண்டிகள் நின்றுபோக, மக்கள் வெயிலில் தவித்தார்கள்; கோபம் கொண்ட கூட்டம் சில பேருந்துகளுக்குத் தீயும் வைத்தது. நீதிமன்றம் நிபந்தனையோடு அவகாசம் தந்தது.

அரசு அமைத்த மஷேல்கர் குழு, "புகைக்கு அளவு விதியுங்கள், எந்த எரிபொருள் என்பதை ஓட்டுபவரே தேர்ந்துகொள்ளட்டும்" என்ற கருத்தைச் சொன்னது. கேட்கும்போது நியாயமாகவே படுகிறது. ஆனால் மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்த நாட்டில் டீசலில் கலப்படம் செய்வது எளிது; வாயுவில் கலப்படம் செய்ய யாரால் முடியும்? எனக்கு இந்த வாதமே வலிமையாகத் தோன்றுகிறது. 2002 ஏப்ரல் 5 அன்று நீதிபதி கிர்பால் தலைமையிலான அமர்வு, ஓடும் ஒவ்வொரு டீசல் பேருந்துக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாய், முப்பது நாள் கழித்து 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. மத்திய அரசும் 20,000 ரூபாய் செலவுத் தொகை கட்ட வேண்டியதாயிற்று.

புதிய பேருந்துகளைச் செய்து தந்த நிறுவனங்களுள் ஒன்று சென்னை எண்ணூரில் தொழிற்சாலை கொண்ட அசோக் லேலண்ட். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளோடு டில்லி நகரப் பேருந்துகளில் டீசல் ஓய்ந்தது. அதைக் காண அனில் அகர்வால் இல்லை. புற்றுநோயால் அதே ஆண்டு ஜனவரி 2 அன்று காலமாகியிருந்தார்.

பலன் என்ன? பேருந்துக்குப் பின்னால் எழுந்த கறுப்புப் புகை மறைந்தது. காற்றின் தூசும் சில ஆண்டுகள் குறைந்தது. ஆனால் சொந்தக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பெருகி, 2017-இல் டில்லியின் பதிவு பெற்ற வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டின. பேருந்து விட்டுக்கொடுத்த புகையை இவை ஈடுகட்டிவிட்டன. அத்துடன், எரியாமல் கசியும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்குவது. கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதால் குற்றமே இல்லை என்றாகாது.

2022 ஜனவரியில் டில்லிப் போக்குவரத்துக் கழகத்தின் முதல் மின்சாரப் பேருந்து சாலைக்கு வந்தது. 2010 விளையாட்டு விழாவையொட்டி வாங்கிய பச்சை, சிவப்புத் தாழ்தள வாயுப் பேருந்துகள், ஆயுள் முடிந்து ஒவ்வொன்றாகப் பணிமனைக்குத் திரும்பலாயின.