கத்தியில்லாமல் மார்பகப் புற்றுக்கட்டியைச் சுட்டு அழிக்க முடியுமா?

"கத்தி வேண்டாம், தழும்பு வராது, அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்." குவிய அல்ட்ராசவுண்ட் சிகிச்சை பற்றிய வீடியோக்கள் இப்படித்தான் பேசுகின்றன. பென்னாகரத்திலோ அரூரிலோ அம்மாவுக்கு மார்பில் கட்டி என்றதும், பெங்களூருவில் வேலை பார்க்கும் பிள்ளை போனில் தேடும்போது இதுவும் கண்ணில் படும்.

தொழில்நுட்பம் பொய்யில்லை. லென்ஸில் வெயிலைக் குவித்துக் காகிதம் எரித்திருப்பீர்கள் அல்லவா, அதே கதைதான். ஸ்கேனில் பயன்படும் ஒலி அலைகளைப் பல மடங்கு வலுவாக்கி ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். அங்கே சூடு 60 டிகிரியைத் தாண்ட, அரிசி மணி அளவுத் திசு சில நொடிகளில் வெந்து செத்துவிடும். எங்கே எவ்வளவு சூடு என்பதை எம்.ஆர்.ஐ. உடனுக்குடன் காட்டும். அமெரிக்காவில் கர்ப்பப்பை நார்க்கட்டிக்கு 2004-லும், கை நடுக்கத்துக்கு 2016-லும் அனுமதி கிடைத்தது.

அப்புறம் மார்பகப் புற்றுநோய்க்கு மட்டும் என்ன தடை?

வெட்டியெடுத்த கட்டி லேபுக்குப் போகும். அதன் ஓரங்களில் மை தடவி, புற்றுசெல் மிச்சமிருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். சுட்டுவிட்டால் பார்க்கக் கையில் எதுவும் இருக்காது. ஓரத்தில் நாலு செல் பிழைத்திருந்தால்? சீன மருத்துவர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் 48 பெண்கள் இருந்தார்கள். அலையால் சுடப்பட்டவர்களுக்கும் பிறகு மார்பகத்தை அகற்றினார்கள். அதை லேபில் சோதித்துத்தான் கட்டி செத்ததை உறுதி செய்தார்கள். கத்தியில்லா சிகிச்சையை நிரூபிக்கவே கத்தி தேவைப்பட்டது! அக்குள் நெறிக்கட்டிக்கு நோய் பரவியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. மார்பகப் புற்றுநோயில் இது இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

ஆபரேஷன் என்றாலே மார்பகம் முழுசாகப் போய்விடும் என்ற பயமும் பழசு. ஆரம்பக் கட்டத்தில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழுசாக அகற்றியவர்களுக்கு இணையாக வாழ்கிறார்கள் என்று 2002-ல் வெளியான 20 ஆண்டுக் கண்காணிப்பு முடிவுகள் காட்டின. ஆனால் கதிர்வீச்சுக்கு வாரம் 5 நாள், பெரும்பாலும் 3 முதல் 5 வாரம் போய்வர வேண்டும். சித்தேரி மலைக்காரருக்குக் கத்தியைவிட இந்த அலைச்சல்தான் பெரிய தடை என்பேன்.

கட்டி தட்டுப்பட்டால் முதலில் வேண்டியது சாதாரண ஸ்கேனும் ஊசி பயாப்ஸியும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டரைப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. சந்தேகமிருந்தால் 104-ல் கூப்பிட்டுக் கேட்கலாம்.