புதூர்நாடு செடிக்கு ‘வட ஆற்காடு’ முகவரியா? ஹெர்பேரியம் தாள் சொல்லும் கணக்கு!

ஜவ்வாது மலையில் உள்ள புதூர்நாட்டில் ஒரு செடி முன்பு இருந்ததா? அதற்கு நம்பகமான சாட்சி ஹெர்பேரியம் தாள்.

செடியை அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி, பறித்த இடம், உயரம், தேதி, பறித்தவர் பெயர் எல்லாம் எழுதி வைப்பாங்க. கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியம் போன்றவை இத்தகைய தாள்களைப் பாதுகாக்கின்றன.

சிக்கல் என்ன?

புதூர்நாடு இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 2019 வரை வேலூர். 1989-க்கு முன்பு வட ஆற்காடு. ‘திருப்பத்தூர்’னு மட்டும் தேடினால் பழைய தாள் கிடைக்காமல் போகலாம். உடனே, ‘இந்தச் செடி இங்கே இருந்ததே இல்லை’ன்னு முடிவு கட்டிடுவாங்க. பிறகு அது அழிந்துபோனாலும் இழப்புக் கணக்கில் வராது.

அதனால் மலையின் பெயரோடு பழைய மாவட்டப் பெயர்களையும் சேர்த்துத் தேடணும். உயரக் குறிப்பையும் விட்டுடக் கூடாது. வெப்பம் கூடி செடி மேலே நகர்ந்ததா என்பதை அதை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.