உமிழ்நீர் உரைக்கும் செய்தி

எச்சில் என்றதும் முகம் சுளிப்பது நம்மவர் வழக்கம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இதனால் ஒரு சிறு சங்கடம் உண்டு. எச்சில் என்று எழுதினால் அருவருப்புத் தோன்றுகிறது. உமிழ்நீர் என்று எழுதினாலோ, அதே பொருள் ஆய்வுக்கூடத்திற்கு உரியதாகிவிடுகிறது. ஆகவே உமிழ்நீர் என்றே சொல்லிச் செல்வோம்.

கோவிட் நோய் பரவிய 2020-ஆம் ஆண்டில், மூக்கின் வழியே தொண்டையின் மேற்பகுதி வரை ஒரு நீண்ட குச்சியைச் செலுத்திச் சளி எடுத்தார்கள். நேயர்களில் பலருக்கு அந்த அனுபவம் மறந்திராது. நோயுற்றவர் ஒரு முறை அதைப் பொறுத்துக்கொள்வார். ஆனால் நோயாளிகளின் நடுவே நாள்தோறும் பணிபுரியும் தாதியரும் மருத்துவரும் என்ன செய்வது? அவர்களிடம் காய்ச்சலும் இருமலும் காணப்படாமலே வைரஸ் குடிபுகுந்திருக்கலாம். அவர்கள் வழியே அது படுக்கையிலிருக்கும் பலவீனரை அடையலாம். எனவே அவர்களை ஒரு முறை சோதித்தால் போதாது. திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். அதற்கு மூக்குக் குச்சி ஏற்ற கருவியன்று. எடுப்பதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். எதிரே இருப்பவர் தும்மினால் அவருக்கும் ஆபத்து.

அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தார் அவ்வாண்டு இதை ஆராய்ந்தனர். மருத்துவமனையில் இருந்த 70 நோயாளிகளின் உமிழ்நீரையும் மூக்குச் சளியையும் ஒப்பிட்டார்கள். நோய் உறுதியான முதல் 5 நாட்களுக்குள் எடுத்தவற்றில், உமிழ்நீர் 100-க்கு 81 வீதமும், மூக்குச் சளி 71 வீதமும் வைரஸைக் காட்டின. அறிகுறி ஏதுமற்ற 495 மருத்துவப் பணியாளரிடையே 13 பேரின் உமிழ்நீரில் வைரஸ் தென்பட்டது. அவர்களுள் 9 பேர் அதே நாளில் மூக்குச் சளியையும் தாமே எடுத்திருந்தனர். அவற்றுள் 7 ‘இல்லை’ என்றே காட்டின. பின்னர் வேறு சளி மாதிரிகளைச் சோதித்தபோது 13 பேருக்கும் தொற்று இருந்தது உறுதியாயிற்று. எண்ணிக்கை சிறிது, இதைக் கொண்டே தீர்ப்புக் கூறிவிட இயலாது. எனினும், குச்சியைத் தாமே செலுத்துவதில் கை தவறலாம், குப்பியில் உமிழ்வதில் தவற இடம் குறைவு என்பது விளங்குகிறதன்றோ?

அதே ஆகஸ்டு மாதம், யேல் ஆய்வாளரின் ‘சலைவாடைரக்ட்’ முறைக்கு அமெரிக்க அரசு அவசரகால அனுமதி வழங்கியது. வைரஸின் மரபுப்பொருளைத் தனியே பிரித்தெடுக்கும் படியை அவர்கள் விலக்கினர். ஒரு நொதியும் சூடுமே அதற்குப் பதிலாயின. செலவு குறைந்தது. கூடைப்பந்து விளையாட்டு வீரர்களின் சங்கம் இம்முயற்சிக்கு உதவியது என்பது சுவையான செய்தி. நம் நாட்டிலும், நாகபுரியிலுள்ள ‘நீரி’ ஆய்வு நிலையம் உப்புநீரால் தொண்டையைக் கொப்பளித்து அந்நீரைச் சோதிக்கும் முறையை வகுத்தது. 2021 மே மாதத்தில் அதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஒப்புதல் கிடைத்தது.

எச்.ஐ.வி.க்கும் வாயிலிருந்து மாதிரி எடுக்கும் சோதனை உண்டு. வீட்டிலேயே செய்துகொள்ளும் அத்தகைய சோதனையை 2012-இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் அது தேடுவது வைரஸையன்று. ஈறோரத்து நீரிலுள்ள எதிர்ப்பொருளை. ஆதலால் எச்சில் வழியே அந்நோய் பரவும் என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. நோயுள்ளவரின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைக்கவும் வேண்டுவதில்லை. எதிர்ப்பொருள் உருவாகக் காலம் பிடிக்கும். தொற்றிய புதிதில், ஏறத்தாழ 3 மாதம் வரை, இச்சோதனை ‘இல்லை’ என்று காட்டக்கூடும். ‘உண்டு’ என்று காட்டினாலும், இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்த பின்னரே சிகிச்சை தொடங்குவர்.