பொதுக் கம்பியில் கலக்கும் கசடு

செம்பரம்பாக்கம் ஏரியில் கழிவு கலக்கிறது என்று சேதி வந்தால் சென்னையே பதறும். குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே. ஏரியைச் சுற்றி ஓடும் மின்கம்பிகளிலும் ஒரு கசடு கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் பதறுவதில்லை.

நமக்கு வரவேண்டியது நொடிக்கு 50 முறை சீராக ஏறி இறங்கும் அலை. பழைய குண்டு பல்பு அதை அப்படியே வாங்கிக்கொண்டது. எல்.இ.டி. விளக்கு, கணினி, மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் போன்றவை விட்டு விட்டு மின்னோட்டத்தை உறிஞ்சுவதால் அலை உருக்குலைகிறது. அப்படிச் சிதைந்த அலையையும் சீரான பல அலைகளாகப் பிரிக்க வழி சொன்னவர் பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியர். அவருடைய நூல் வெளியான ஆண்டு 1822. அவர் வழியில் பிரித்தால் 50 ஹெர்ட்ஸுடன் 150, 250, 350 ஹெர்ட்ஸ் அலைகளும் தென்படும். இவையே ஹார்மோனிக்ஸ்.

மூன்று ஃபேஸிலும் சுமை சமமானால் நியூட்ரலில் மின்னோட்டம் இராது என்பது பாடம். 150 ஹெர்ட்ஸ் அலைகள் மட்டும் கழிபடாமல் நியூட்ரலில் கூடிச் சேரும், ஒயர் சூடாகும். டிரான்ஸ்ஃபார்மரில் சுழல் மின்னோட்ட இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும். அதே அளவு மின்னோட்டம் 250 ஹெர்ட்ஸில் பாய்ந்தால் அந்த இழப்பு 25 மடங்கு.

அம்பத்தூர், திருமழிசை தொழிற்பேட்டைக்காரர்கள் கவனிக்க வேண்டியது கெபாசிட்டரை. பவர் ஃபேக்டரை உயர்த்த வைக்கும் அது, டிரான்ஸ்ஃபார்மரோடு ஒத்ததிர்ந்தால் ஹார்மோனிக்ஸைப் பெருக்கிவிடும். கடைசியில் தானே உப்பி வெடிக்கும். இதற்கு மருந்து உண்டு. கெபாசிட்டருடன் 7 சதவீத ரியாக்டரைத் தொடராக இணைத்தால், அந்த இணைப்பின் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, 250-இன் பிடியிலிருந்து விலகும். பெரிய டிரைவ்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளை ஸ்டார், டெல்டா என இரண்டாகப் பிரித்துக் கட்டுவார்கள். 30 டிகிரி தள்ளி வரும் இரு அலைகளில் ஐந்தாவது, ஏழாவது ஹார்மோனிக்ஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சுமை அடிக்கடி மாறும் இடத்தில் ஆக்டிவ் ஃபில்டர் எதிர் அலையைச் செலுத்திச் சமன் செய்யும்.

ஹார்மோனிக்ஸ் வரம்பை மீறும் உயரழுத்த நுகர்வோர் 15 சதவீதம் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தமிழ்நாட்டின் மின்கட்டண ஆணைகள் சொல்கின்றன. அது நியாயமே, ஒருவர் கலக்கும் கசடு அதே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் அத்தனை பேருக்கும் போகிறது. ஆனாலும் அபராதம் அலையைச் சீராக்காது, அளவீடுதான் வழிகாட்டும். உங்கள் பட்டறையில் அடுத்த கெபாசிட்டர் உப்பும்போது, புதியதை மாட்டுவதற்கு முன் அலையை அளந்து பாருங்கள்.